மாட்டுக்கான முறை ஆட்டுக்கு ஆகாது: வெள்ளாட்டுக் கிடாவின் விந்தை உறைய வைத்துப் பாதுகாக்கும் வழிமுறை

காளை விந்தை உறைய வைத்துப் பழகியவர்கள் வெள்ளாட்டுக் கிடாவின் விந்தை முதன்முதலாகக் கையாளும்போது பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. காளை விந்துக்காகக் கலந்து வைத்திருந்த, 20 சதவீதம் முட்டை மஞ்சள் கரு உள்ள கரைசலையே எடுத்துக் கிடா விந்திலும் ஊற்றினோம். சேகரித்த விந்து நுண்ணோக்கியின் கீழ் சுழித்துச் சுழித்து ஓடும் அலைகளாகத் தெரிந்ததால், இதைவிட நல்ல விந்து கிடைக்காது என்று மகிழ்ந்தோம். ஆனால் 5 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்துவிட்டு மீண்டும் பார்த்தபோது, உறைய வைப்பதற்கு முன்பே விந்தணுக்களில் பாதிக்கு மேல் அசைவற்றுக் கிடந்தன. உறைய வைத்து உருக்கியபோது ஏறத்தாழ எதுவுமே மிஞ்சவில்லை. கிடா மீதும் குறையில்லை, உறைய வைக்கப் பயன்படுத்திய திரவ நைட்ரஜன் மீதும் குறையில்லை. தவறு கரைசலில் இருந்தது.

அதற்கான காரணம் நீண்ட காலத்துக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. வெள்ளாட்டுக் கிடாவின் இனப்பெருக்கத் துணைச் சுரப்பிகளுள் ஒன்றான கௌப்பர் சுரப்பியிலிருந்து விந்து நீர்மத்தில் கலக்கும் ஒரு நொதி, முட்டை மஞ்சள் கருவைத் திரியச் செய்கிறது என்பதை ராய் என்னும் ஆய்வாளர் 1957-இல் வெளியிட்டார். பாஸ்போலிப்பேஸ் வகையைச் சேர்ந்த இந்த நொதி, மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளைச் சிதைத்து, லைசோலெசித்தினையும் கொழுப்பு அமிலங்களையும் உண்டாக்குகிறது. லைசோலெசித்தின் விந்தணுவின் மேலுறையைத் துளைத்துக் கொல்லும் நஞ்சாகும். அதாவது, குளிரிலிருந்து காப்பதற்காக நாம் சேர்க்கும் பொருளையே கிடாவின் சொந்த விந்து நீர்மம் நஞ்சாக மாற்றிவிடுகிறது. மஞ்சள் கருவை விட்டுவிட்டுக் கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறினாலும் முழுமையாகத் தப்ப முடியாது. அதே சுரப்பியிலிருந்து வரும் இன்னொரு புரதம், பாலில் எஞ்சியுள்ள கொழுப்பைச் சிதைத்து, விந்தணுவுக்குக் கேடான ஓலியிக் அமிலத்தை வெளிவிடுகிறது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கிடா விந்துக்கென்று தனி வழிமுறை தேவைப்படுவதற்கு அடிப்படையே இதுதான்.

இந்தக் குறிப்பு, ஆய்வக வசதியுள்ள கால்நடை மருத்துவர்களுக்கும், அவர்களுடைய மேற்பார்வையில் இனப்பெருக்கக் கிடாக்களை வைத்திருக்கும் பண்ணையாளர்களுக்கும் எழுதப்படுகிறது. மருத்துவரின் துணையில்லாமல் வீட்டில் செய்து பார்க்கத்தக்க வேலை இதுவன்று. ஆனாலும் சிரமப்பட்டுச் செய்வதற்குத் தகுந்த வேலை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பால் கன்னியும் செங்கன்னியும், கடலோரத்து மந்தைகளில் வளரும் கரும்போரை, செம்போரை என்னும் கொடி ஆடுகளும், சேலம், தருமபுரி வட்டாரத்துச் சேலம் கருப்பும் நம் வெயிலுக்கும் முள்காட்டு மேய்ச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொருந்தி வந்தவை. எடை கூடும் என்பதற்காக வெளியினக் கிடாக்களைக் கண்டபடி சேர்த்துக்கொண்டே போனால், சுத்தமான கிடாவைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். ஒரு நல்ல கிடா சில ஆண்டுகளே இனப்பெருக்கத்துக்குப் பயன்படும். அதன் விந்தோ திரவ நைட்ரஜனில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு நம் நாட்டுக் கால்நடை இனங்களின் விந்தை உறைநிலையில் சேமித்து வருவதும் இதற்காகவே.

கிடாவைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்றரை வயதுக்குக் குறையாத, தன் இனத்துக்குரிய நிறமும் உடலமைப்பும் கொண்ட, தாயின் பால் அளவும் ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பதும் தெரிந்த கிடாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரைகள் இரண்டும் ஒரே அளவில், கட்டியோ வீக்கமோ இல்லாமல், தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும். புருசெல்லா நோய்க்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஆடுகளைத் தாக்கும் புருசெல்லா மெலிடென்சிஸ் மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. நோயுள்ள ஒரு கிடாவின் உறைவிந்து, அந்தக் கிடா ஒருபோதும் மிதிக்காத ஊர்களுக்கும் நோயைக் கொண்டு சேர்க்கும். நிணநீர்க் கட்டி நோய் உள்ளதா என்று தாடை, தோள், தொடைப் பகுதிகளைத் தடவிப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய கிடாவை ஒரு மாதமாவது தனியே வைத்து, பரிசோதனை முடிவுகள் வந்த பிறகே விந்து சேகரிக்கத் தொடங்க வேண்டும்.

கோடை வெயிலின் பாதிப்பைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 48 நாள்கள் ஆகின்றன. அதன் பிறகு விரைமேற்குழலில் முதிர்ச்சியடைய மேலும் சில நாள்கள் வேண்டும். ஆகவே சித்திரைக் கத்திரி வெயிலிலோ கடும் காய்ச்சலிலோ அடிபட்ட கிடா, பார்வைக்குத் தேறிவிட்டாலும், அதன் விந்து தேற 2 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சேகரிக்கும் விந்து, எடுத்தவுடன் ஓரளவு நன்றாகத் தெரிந்தாலும், உறைநிலையைத் தாங்குவதில்லை.

சேகரித்தல்

செயற்கை யோனி முறையில்தான் சேகரிக்க வேண்டும். மின்தூண்டல் முறையில் எடுத்தால் விந்தின் அளவு கூடுதலாக வருவது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் துணைச் சுரப்பிகளின் நீர்மமே. மேலே சொன்ன நொதி அந்த நீர்மத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், உறைய வைப்பதற்கு அது ஏன் ஏற்றதல்ல என்பது விளங்கும். கிடாவுக்கு அது வேதனையும் தருகிறது.

ஆட்டுக்குரிய செயற்கை யோனி ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ள கெட்டி ரப்பர்க் குழாய். உள்ளே மெல்லிய ரப்பர் உறை. இரண்டுக்கும் நடுவே 45 முதல் 50 டிகிரி வரை சூடான நீரைப் பாதியளவு ஊற்றி, மீதியைக் காற்றால் நிரப்பி, உட்புற வெப்பம் 40 முதல் 42 டிகிரிக்குள் இருப்பதை வெப்பமானியை உள்ளே விட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்ப்பக்கத்தில் மட்டும், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு, வெள்ளை வாசலினை மெல்லியதாகத் தடவினால் போதும். மறுமுனையில் பொருத்தும் அளவுக்குறியிட்ட கண்ணாடிக் குழாயை 37 டிகிரியில் சூடாக்கி, துணி உறையால் மூடி, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடாவின் அடிவயிற்று மயிரைக் கத்தரித்து, குறியின் உறைப்பகுதியைச் சுத்தம் செய்து, நன்றாகத் துடைத்து உலர்த்திய பின்பே சேகரிப்பு நடக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரோ சோப்பு நுரையோ உள்ளே போனால் அந்தச் சேகரிப்பு வீண்.

பருவத்திலுள்ள பெட்டை ஒன்றைக் கட்டி, கிடாவை ஒன்றிரண்டு முறை தாவ விட்டு இறக்கிவிட்டுப் பிறகு சேகரித்தால் விந்தின் தரமும் அளவும் கூடுகின்றன. கிடா முன்பாய்ந்து குத்தும் அந்தக் கணம் மிகக் குறுகியது. குழாயைக் கிடாவின் மேல் திணிக்காமல், குறியைப் பக்கவாட்டில் உறையோடு சேர்த்துத் திருப்பி, குழாயின் வாயை அதற்குக் காட்டினாலே போதும். வாரத்தில் 2 நாள்கள், நாளுக்கு 2 முறை என்னும் அளவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

சோதித்தல்

ஒரு முறைக்கு 0.5 முதல் 1.5 மி.லி. வரைதான் கிடைக்கும். ஆனால் அந்தச் சிறு அளவிலேயே ஒரு மி.லி.க்கு 200 முதல் 500 கோடி விந்தணுக்கள் அடங்கியிருக்கும். நிறம் பாலேடு போல, சில கிடாக்களில் இளமஞ்சளாக இருக்கும். சிவப்பு, பழுப்பு, சிறுநீர் நாற்றம், சீழ்த்திரள் இவற்றுள் எது தென்பட்டாலும் அந்த விந்தை ஒதுக்கிவிட்டுக் கிடாவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

குழாயை உடனே 37 டிகிரி நீர்த்தொட்டியில் நிறுத்தி, ஒரு சிறு சொட்டைச் சூடாக்கிய கண்ணாடித் தகட்டில், மூடுதகடு இல்லாமல், குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். கூட்டசைவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவது வழக்கம். வேகமான கரும்சுழல்கள் தெரிந்தால் 4 அல்லது 5. மூன்றுக்குக் குறைந்ததை உறைய வைக்க எடுக்க வேண்டாம். பிறகு கரைசலில் நீர்த்த சொட்டில் மூடுதகடு வைத்து, நேராக முன்னோக்கி நீந்துபவை 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இயோசின் நைக்ரோசின் சாயத்தில், இறந்த விந்தணுக்கள் இளஞ்சிவப்பாகவும் உயிருள்ளவை நிறமேறாமலும் தெரியும். வால் சுருண்டவையும் தலை கழன்றவையும் அதிகமாகத் தெரிந்தால், உறைய வைத்தபின் கிடைக்கும் விளைவு ஏமாற்றமாகவே இருக்கும்.

எண்ணிக்கைக்கு இரத்த அணுக்களை எண்ணும் நியூபௌர் தகடே போதும். விந்தை 200 மடங்கு நீர்த்து, நடுக்கட்டத்தின் 25 சதுரங்களில் நான்கு மூலைச் சதுரங்களையும் நடுச் சதுரத்தையும் எண்ணிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை ஒரு கோடியால் பெருக்கினால் ஒரு மி.லி.யில் உள்ள விந்தணுக்களின் எண்ணிக்கை வரும். ஐந்து சதுரங்களில் 300 எண்ணினால் மி.லி.க்கு 300 கோடி.

கரைசல் தயாரித்தல்

அமில காரச் சமநிலையைக் காக்கும் தாங்கல் கரைசலை முந்திய நாளே தயாரித்துவிட வேண்டும். 100 மி.லி. வடித்தெடுத்த நீருக்கு டிரிஸ் 3.634 கிராம், சிட்ரிக் அமிலம் 1.99 கிராம், குளுக்கோஸ் 0.5 கிராம் என்பது ஆட்டு விந்துக்கு நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு. மில்லிகிராம் வரை நிறுக்கும் தராசு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இதிலிருந்து 84 மி.லி. எடுத்து, 10 மி.லி. மஞ்சள் கருவும் 6 மி.லி. கிளிசராலும் சேர்த்தால் 100 மி.லி. உறைகரைசல் ஆகும். பென்சிலின் ஒரு லட்சம் அலகும், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மி.கி.யும் அதனுடன் கலக்க வேண்டும். மீதமுள்ள தாங்கல் கரைசலை மஞ்சள் கருவோ கிளிசராலோ சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்; கழுவுவதற்கு அதுவே வேண்டியிருக்கும்.

மஞ்சள் கருவை எடுப்பதிலும் ஒழுங்கு தேவை. அன்றிட்ட முட்டையைச் சாராயத்தால் துடைத்து உடைத்து, வெள்ளைக் கருவை வடியவிட்டு, மஞ்சளை வடிதாளின் மேல் மெல்ல உருட்டினால் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கரு தாளில் ஏறிவிடும். பிறகு சவ்வைக் குத்தி, சிரிஞ்சால் உள்ளிருப்பதை மட்டும் உறிஞ்ச வேண்டும். கலந்த கரைசலைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால், நுண்ணோக்கியில் மஞ்சள் கருத் துளிகள் விந்தணுவை மறைப்பது குறையும்.

கிளிசரால் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: செல்லினுள் புகுந்து, நீர் கூர்மையான பனிப்படிகங்களாக மாறுவதை அது மட்டுப்படுத்துகிறது. 1949-இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் அதன் காக்கும் தன்மையை வெளியிட்ட பிறகே உறைவிந்து என்னும் தொழில்நுட்பம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அளவு மீறினால் அதுவே நஞ்சு. கிடா விந்துக்கு 7 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

கழுவுவதா, விடுவதா

கிடா விந்தைப் பொறுத்தவரை எல்லாரும் ஒரு முடிவுக்கு வர வேண்டிய இடம் இது. நொதியால் வரும் கேட்டைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விந்து நீர்மத்தைக் கழுவி அகற்றிவிட்டு, மஞ்சள் கருவை 10 முதல் 20 சதவீதம் வரை தாராளமாகச் சேர்ப்பது. மற்றொன்று, கழுவாமல், மஞ்சள் கருவை 2.5 சதவீதம் அளவுக்குக் குறைத்துக்கொள்வது. கழுவும்போது விந்தணுக்களில் ஒரு பகுதி வீணாகிறது, சுழற்சியில் சிலவற்றுக்கு அடியும் படுகிறது, அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. கழுவாவிட்டால் நொதியின் கேடு ஒவ்வொரு கிடாவுக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் வேறுபட்டு வருவதால், இந்த வாரம் நன்றாக வந்த கிடா அடுத்த மாதம் கைவிடக்கூடும். நாளுக்கு 20 கிடாக்களைக் கையாளும் நிலையத்துக்கு இரண்டாவது வழி வசதி. இரண்டு மூன்று அரிய கிடாக்களின் விந்தைச் சேமிக்க நினைப்பவர்கள் கழுவியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சோயா லெசித்தின் சேர்த்த கரைசல்களும் விற்பனைக்கு வருகின்றன. முட்டை வழியாக வரும் கிருமிகளுக்கு அவை தீர்வு. ஆனால் லெசித்தின் என்பது எதிலிருந்து வந்தாலும் லெசித்தினே என்பதால், நொதிக்கு அவையும் இரையாகலாம் என்று எண்ணியே பயன்படுத்த வேண்டும்.

கழுவும் முறை எளிது. சோதித்து முடித்த விந்து ஒரு பங்குக்கு, அதே வெப்பநிலையில் உள்ள தாங்கல் கரைசல் 9 பங்கு சேர்த்து, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, மையவிலக்கியில் புவியீர்ப்பைப் போல் 800 மடங்கு விசையில் 10 நிமிடங்கள் சுழற்ற வேண்டும். பல மையவிலக்கிகளில் சுற்று வேகம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும்; அச்சிலிருந்து குழாயின் அடிவரை 10 செ.மீ. இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்றுகள் இந்த விசையைத் தரும். ஆரம் வேறானால் சுற்று எண்ணிக்கையும் மாறும். பிறர் சொன்ன எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. நின்றவுடன் மேல்நீரைப் பிப்பெட்டால் உறிஞ்சி எறிந்துவிட்டு, அடியில் படிந்ததைக் கழுவிய அளவில் விடாமல், உடனே 2 மி.லி. உறைகரைசலில் கலைக்க வேண்டும். சேகரித்ததிலிருந்து கழுவத் தொடங்கும் வரை 10 நிமிடங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

கழுவிய பின் மறுபடியும் எண்ண வேண்டும். முதலில் எண்ணியதை வைத்தே கணக்கிடுபவர்கள், விந்தை அடைத்து உறைய வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழலான குச்சி ஒவ்வொன்றிலும் விந்தணுக்களைக் குறைவாக அடைக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 1 மி.லி. விந்தில் 300 கோடி இருந்தது. கழுவி 2 மி.லி.யில் கலைத்தபின் ஐந்து சதுரங்களில் 120 வந்தது. அப்படியானால் கையிலிருப்பது 240 கோடி. 0.25 மி.லி. குச்சி ஒன்றுக்கு 10 கோடி என்று வைத்தால் 24 குச்சிகள், மொத்தம் 6 மி.லி. ஏற்கெனவே 2 மி.லி. இருப்பதால் இன்னும் 4 மி.லி. உறைகரைசல் சேர்க்க வேண்டும். குச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பத்துக் கோடியை ஐந்து கோடியாகக் குறைக்கும் ஆசை வரும். உருக்கிய பின் பாதிக்கும் குறைவாகவே உயிர் பிழைக்கும் என்பதை எண்ணி அந்த ஆசையை விட்டுவிட வேண்டும்.

குச்சியில் அடைத்தலும் குளிர்வித்தலும்

குச்சிகளில் இனத்தின் பெயர், கிடாவின் எண், நாள், தொகுதி எண் ஆகியவற்றை விந்து சேகரிப்பதற்கு முன்பே அச்சிட்டோ அழியா மையால் எழுதியோ வைத்துவிட வேண்டும். பெயரில்லாத உறைவிந்துக் குச்சிக்கு எந்த மதிப்பும் இல்லை.

பெரிய நிலையங்களில் 5 டிகிரி குளிர் அறைப்பெட்டிக்குள்ளேயே குச்சிகளை நிரப்புவார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் அறை வெப்பத்திலேயே நிரப்பி, வாயைப் பாலிவினைல் ஆல்கஹால் தூளால் அடைத்துவிட்டுப் பிறகு குளிர்விக்கலாம். எப்படி நிரப்பினாலும் உள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழி இருக்க வேண்டும். உறையும்போது நீர்மம் விரிவடைவதால், இடமில்லாத குச்சி வெடித்துவிடும் அல்லது அடைப்பு தெறித்துவிடும். அடைத்த குச்சிகளை நீர் புகாத பைக்குள் இட்டு, அந்தப் பையை 30 டிகிரி வெப்பமுள்ள நீர் நிறைந்த குவளைக்குள் அமிழ்த்தி, குவளையோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். குவளை நீர் மெல்லக் குளிர்வதால் விந்தும் மெல்லக் குளிரும். 5 டிகிரியை எட்ட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். குவளையில் வெப்பமானி நிறுத்தி, ஒருமுறையாவது கால் மணிக்கு ஒருதரம் குறித்துப் பார்த்தால், உங்கள் குளிர்பெட்டிக்கு எவ்வளவு நீர் தேவை என்பது தெரிந்துவிடும். விரைவாகக் குளிர்ந்தால் விந்தணுவின் மேலுறையிலுள்ள கொழுப்புப் படலம் உறைந்து வெடிப்பு விடுகிறது. பிறகு அது வட்டமடித்து நீந்துமே தவிர முன்னேறாது. 5 டிகிரியை எட்டிய பின் மேலும் 2 மணி நேரம் அங்கேயே விட வேண்டும்.

நைட்ரஜன் ஆவியில் உறைய வைத்தல்

மூடியுள்ள தெர்மோகோல் பெட்டியில் 5 செ.மீ.க்குக் குறையாத ஆழத்துக்குத் திரவ நைட்ரஜனை ஊற்றி, அதன் மட்டத்திலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி கம்பித் தட்டைப் பொருத்தி, மூடி, கொதிப்பு அடங்கும்வரை 10 நிமிடங்கள் விட வேண்டும். தட்டும் அதற்குள் குளிர்ந்திருக்கும். பிறகு குளிர்பெட்டியிலிருந்து குச்சிகளை எடுத்து, மேலே ஈரம் இருந்தால் முன்பே குளிரவைத்த துணியால் ஒற்றி, ஒன்றையொன்று தொடாதபடி படுக்கையாகப் பரப்பி மூடி, 8 முதல் 10 நிமிடங்கள் கழித்து நைட்ரஜனுக்குள் அமிழ்த்த வேண்டும். குச்சிகளை எடுப்பதும் பரப்புவதும் சில விநாடிகளில் முடிய வேண்டும் என்பதால், வெறும் குச்சிகளை வைத்து இரண்டு மூன்று முறை கை பழக்கிக்கொள்வது வீண் வேலையல்ல.

சுழியத்துக்குக் கீழே 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை உள்ள இடைவெளியில்தான் பனிப்படிகம் உண்டாகி விந்தணு அழிகிறது. தட்டு மிக உயரத்தில் இருந்தால் இந்த இடைவெளியைக் கடக்க நேரம் பிடித்து, செல்லிலிருந்து நீர் மிகுதியாக வெளியேறி அது வற்றிப்போகும். மிகத் தாழ்வாக இருந்தால் நீர் வெளியேறவே நேரமின்றி உள்ளேயே படிகமாகிக் கிழிக்கும். வேலை நடக்கும்போதே நைட்ரஜன் ஆவியாகி மட்டம் இறங்குவதால், இரண்டாம் தொகுதியைப் பரப்புவதற்கு முன் உயரத்தை மறுபடியும் அளக்க வேண்டும். முதல் தட்டு நன்றாகவும் இரண்டாம் தட்டு மோசமாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இந்த 1 செ.மீ. வேறுபாடுதான் காரணமாக இருக்கும்.

மறுநாள் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் 2 குச்சிகளை 37 டிகிரி நீரில் 30 விநாடிகள் உருக்கிப் பார்க்க வேண்டும். முன்னோக்கிய அசைவு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தொகுதியை அழித்துவிட வேண்டும். அரிய கிடா என்பதற்காகத் தரம் குறைந்ததை வைத்துக்கொண்டால், பின்னாளில் யாரோ ஒருவர் தன் ஆட்டின் ஒரு பருவத்தை அதற்கு விலையாகக் கொடுப்பார். தேறியவற்றிலும் ஒன்றை 37 டிகிரியிலேயே 2 மணி நேரம் வைத்து மீண்டும் பாருங்கள். உருக்கியவுடன் துள்ளிவிட்டு ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும் விந்து, ஆட்டின் உடலுக்குள்ளும் அப்படித்தான் அடங்கும்.

கலனில் காத்தல்

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி. குச்சிகள் எப்போதும் அதற்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். கலனின் மட்டத்தை மர அல்லது பிளாஸ்டிக் அளவுகோலை விட்டு வாரந்தோறும் பார்த்துக் குறித்து, மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குவதற்கு முன்பே நிரப்ப வேண்டும். கலனின் கழுத்திலோ வெளிப்புறத்திலோ பனி பூத்தால் வெற்றிடச் சுவர் பழுதாகிவிட்டது என்று பொருள். அன்றே வேறு கலனுக்கு மாற்ற வேண்டும். ஒரு குச்சியைத் தேடும்போது, குச்சிகளைத் தாங்கிக் கலனுக்குள் தொங்கும் வாளியைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. ஐந்தாறு விநாடிகளில் கிடைக்காவிட்டால் மீண்டும் அமிழ்த்திவிட்டுப் பிறகு தேட வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாமலேயே, ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மற்றக் குச்சிகளில் சிறு படிகங்கள் பெரிதாகின்றன. எந்த வாளியில், எந்தக் கிண்ணத்தில், எந்தக் கிடாவின் குச்சிகள் எத்தனை உள்ளன என்னும் வரைபடத்தைக் கலனின் பக்கத்திலேயே தொங்கவிட்டால் தேடவே வேண்டியிராது.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய அறையில் அது உயிர்க்காற்றை வெளியேற்றிவிட்டால், மூச்சுத் திணறுவது தெரிவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். சன்னல்கள் திறந்த அறையில், முகக்கண்ணாடியும் தளர்வான குளிர்க் கையுறையும் அணிந்து, மூடிய காலணியோடு வேலை செய்ய வேண்டும். கலனின் மூடியை இறுக அடைக்கவோ, கண்ணாடி மூடிய காருக்குள் வைத்துக் கொண்டுபோகவோ கூடாது.

உருக்கிக் கருவூட்டல்

குச்சியை 37 டிகிரி நீரில் 30 விநாடிகள் வைத்து, நன்றாகத் துடைத்து, அடைத்த முனையைக் கத்தரித்து, சூடாக்கிய கருவூட்டல் துப்பாக்கியில் பொருத்த வேண்டும். உருக்கிய குச்சியை மீண்டும் உறைய வைக்க முடியாது. பெட்டை ஆடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, 24 முதல் 36 மணி நேரம் அந்நிலையில் இருக்கும். இடைவிடாத கத்தல், வாலை வேகமாக ஆட்டுதல், வழும்பு வடிதல் ஆகியவை அடையாளம். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டலாம். விளக்குள்ள விரிப்பானால் கருப்பை வாயைக் கண்டு, துப்பாக்கியை மெல்லச் சுழற்றி, ஒன்றிரண்டு வளையங்களைக் கடத்தி விந்தைச் செலுத்த வேண்டும். எவ்வளவு உள்ளே வைக்கிறோமோ அவ்வளவு சினைபிடிப்பு கூடும் என்றாலும், வலிந்து குத்தினால் புண்ணாகும். வெள்ளாட்டில் செம்மறியைவிட இது எளிதாகவே செல்லும். உறைய வைத்த விந்தணுவுக்கு உடலுக்குள் ஆயுள் குறைவு என்பதால், ஏற்ற நேரத்தைத் தவறவிட்டால் சிறந்த குச்சியும் பயன்படாது.

கருவூட்டிய ஆட்டின் காதடையாள எண்ணையும், குச்சியின் தொகுதி எண்ணையும், நாளையும், நேரத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள். 21-ஆம் நாள் பருவம் திரும்பியதா என்று ஒரு குறிப்பும், 150 நாள்களைச் சுற்றி ஈன்றபோது எத்தனை குட்டிகள், என்ன நிறம், என்ன எடை என்று இன்னொரு குறிப்பும் அதே வரியில் சேர வேண்டும். அந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான், நுண்ணோக்கியில் 45 சதவீதம் காட்டிய தொகுதி கொட்டிலில் எத்தனை ஆடுகளைச் சினையாக்கியது என்பதைக் கண்டு, அடுத்த முறை எந்தக் கிடாவின் விந்தைக் கழுவுவது, எதற்கு மஞ்சள் கருவைக் குறைப்பது என்று தீர்மானிக்க முடியும்.